நாணயமான படம்



தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ பட்டுச் சேலை எடுக்க வரும் தாய்மார்களைக் கவனித்திருப்பீர்கள். கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், பிடித்த சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிடுவார்கள். "வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்பார்கள். நாமும் மறுப்பதில்லை. விளக்கில் தெரிவது ஒரு நிறம், பகலில் தெரிவது வேறு நிறம் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இப்படிப் பார்த்து எடுத்த சேலை திரும்பி வருவதும் மிக அரிது.

இன்று அந்த வாசல் வரை வர வாடிக்கையாளருக்கு நேரமில்லை. "படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்கிறார்கள். துணி, பாத்திரம், பருப்பு, பழம் என எதுவானாலும், சரக்கு போவதற்கு முன்னால் அதன் படம் போகிறது. தராசு முள்ளை நேராக நிறுத்தத் தெரிந்த நாம், படத்தை நேராக எடுக்கக் கற்றுக்கொண்டோமா? இந்தக் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் செலவு வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

கோட்டூர்புரத்தில் எங்களுடையது சிறிய துணிக் கடை. சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மா, மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை வேண்டும் என்று கேட்டார். நல்ல அரக்கு நிறத்தில் ஒரு சேலையைப் பலகைமேல் விரித்து, கடை விளக்கிலேயே கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினோம். பத்து நிமிடத்தில் "சரி" என்று பதில் வந்தது. பணமும் வந்தது. சேலையைக் கொடுத்தனுப்பினோம்.

மறுநாள் காலை அவரே நேரில் வந்துவிட்டார். சேலையைப் பலகைமேல் வைத்து, "என்னங்க இது, போட்டோவில நல்ல சிவப்பா இருந்துதே? அதுக்கு ஏத்த மாதிரி ரவிக்கைகூடத் தைக்கக் கொடுத்துட்டேனே" என்றார். எங்கள் கைப்பேசியில் படத்தைப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மைதான். கையில் இருந்தது அரக்கு. படத்தில் இருந்தது தக்காளிச் சிவப்பு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். ஆனால் விழாவுக்கு ஒரு நாள்தான் பாக்கி. அந்த ஒரு நாளை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதன்பின் அவர் எங்கள் கடைக்கு வரவேயில்லை.

நாங்கள் ஏமாற்றவில்லை. ஆனாலும் எங்கள் படம் ஏமாற்றிவிட்டது. ஏன் என்று விசாரித்து, படித்து, பலமுறை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கண் வேறு, கேமரா வேறு

முதல் காரணம் விளக்கு. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிக்கிறார்கள். பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி சுமார் 2,700 கெல்வின். நண்பகல் வெயில் சுமார் 5,500. 'கூல் டேலைட்' என்று அட்டையில் போட்டு விற்கும் குழல் விளக்கு 6,500. அதில் சற்று நீலம் கலந்திருக்கும். நம் கண்ணும் மூளையும் சேர்ந்து இந்த வித்தியாசத்தைத் தாமே சரிக்கட்டிக்கொள்கின்றன. வெள்ளை வேட்டி எந்த விளக்கிலும் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கேமராவும் சரிக்கட்டப் பார்க்கிறது. ஆனால் அது ஊகம்தான். தலைக்கு மேல் குழல் விளக்கு, அலமாரிக்குள் மஞ்சள் விளக்கு, வாசலிலிருந்து பகல் வெளிச்சம் என மூன்றும் ஒரே சேலைமேல் விழுந்தால் அந்த ஊகம் தவறிவிடும். எங்கள் கடையில் நடந்தது அதுதான்.

இரண்டாவது காரணம் வெளிச்சத்தின் அளவு. தன் முன்னால் இருக்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. ஆகவே படம் முழுவதும் இருண்ட அரக்குச் சேலை நிறைந்திருந்தால், "வெளிச்சம் போதவில்லை" என்று முடிவு செய்து படத்தை வெளிறச் செய்துவிடும். அரக்கு சிவப்பாகிவிடும். இதையே திருப்பிப் பாருங்கள். வெள்ளை வேட்டி, உப்பு, சர்க்கரை, பச்சரிசி ஆகியவை படம் முழுக்க இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணி மங்கச் செய்துவிடும். உயர்ந்த ரகப் பச்சரிசி, பழுப்பேறிய பழைய அரிசிபோலத் தோன்றுவது இதனால்தான்.

இரண்டுக்கும் மருந்து எளிது. விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே வகை ஒளியில் எடுங்கள். சரக்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் படம் எடுங்கள். அந்தத் தாள் திரையில் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், சரக்கின் நிறமும் தவறு என்று பொருள். வெளிச்சத்தைத் திருத்த, கைப்பேசித் திரையில் சரக்கைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். சில கைப்பேசிகளில் ஒரு கோடு வரும். இருண்ட சரக்கானால் அதைக் கீழே இழுங்கள். வெண்மையான சரக்கானால் மேலே இழுங்கள். கேமராவின் கணக்கு நம் சரக்கை அறியாது. திருத்த வேண்டியவர்கள் நாம்தான்.

சென்னை வெயிலும் கடை வாசலும்

செலவில்லாத சிறந்த விளக்கு பகல் வெளிச்சம். ஆனால் நேர் வெயில் கூடாது. நேர் வெயிலில் ஒரு பக்கம் கண் கூசும், மறு பக்கம் கறுத்துப்போகும். வெயில் விழாத வாசல், திறந்த சன்னல், தாழ்வாரம் ஆகிய இடங்களில் வரும் பரவிய ஒளியே நமக்கு ஏற்றது.

மேல்நாட்டுப் புத்தகங்களில் "வடக்குப் பார்த்த சன்னலே சிறந்தது" என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் எப்போதும் தென்பக்கமாகவே இருப்பதால் அது சரி. நம் சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே போகிறது. ஆகவே கோடை மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற மாதங்களில், முக்கியமாகத் தீபாவளி, பொங்கல் வியாபார காலத்தில், வடக்கு வாசல் நாள் முழுதும் ஒரே சீரான ஒளி தரும். உங்கள் கடை எந்தத் திசை பார்த்தது, எந்த மணிக்கு வெயில் உள்ளே வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மர நிழலில் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கோட்டூர்புரம் மரப்பூங்காவில் காலை நேரத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து எடுத்துப் பாருங்கள். இலைகளில் பட்டு வரும் ஒளி துண்டின்மேல் இளம்பச்சைச் சாயம் பூசியிருக்கும். சுவருக்கும் இதே விதிதான். நீலச் சுவருக்கு அருகில் வைத்த வெள்ளைப் பாத்திரம் நீலம் காட்டும். நிறம் முக்கியமான சரக்கை வெள்ளைச் சுவர் அருகில் எடுப்பதே பாதுகாப்பு.

வேட்டியும் தெர்மோகோலும்

சன்னல் ஒளி சற்றுக் கடுமையாக இருந்தால், ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகச் சன்னலில் கட்டிவிடுங்கள். ஒளி பஞ்சுபோல மெத்தென்று ஆகிவிடும். சரக்கைச் சன்னலிலிருந்து மூன்றடி தூரத்தில் வையுங்கள். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் சரக்கில் நிழல் விழும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்துங்கள். சன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழலைக் குறைக்கும். பலகையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் குறையும், தள்ளி வைத்தால் கூடும்.

இது ஏழைக்கேற்ற ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். சத்யஜித் ராய் 1956-இல் எடுத்த 'அபராஜிதோ' படத்துக்கு, முற்றம் உள்ள காசி வீடு ஒன்றை ஸ்டுடியோவுக்குள்ளேயே கட்டினார்கள். மேலே திறந்த வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளி அங்கே வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, அதிலிருந்து திரும்பி விழும் ஒளியில் படமெடுத்தார். பார்த்தவர்கள் உண்மையான காசி வீட்டு முற்றம் என்றே நம்பினார்கள். நம் கோடம்பாக்கத்துப் படப்பிடிப்புகளிலும் தெர்மோகோல் பலகை பிடித்து நிற்கும் ஆளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே வித்தையைத்தான் நாம் கடை மூலையில் செய்கிறோம்.

இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்கள் ஒரே மாதிரியான இரண்டு எல்.இ.டி. விளக்குகள் வாங்கலாம். வாங்கும்போது வாட்ஸ் எவ்வளவு என்று மட்டும் பாராமல், அட்டையில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் அது. 100 உச்சம். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. மலிவான விளக்குகளில் இது குறைவாக இருப்பதால் சிவப்பு, அரக்கு நிறங்கள் செத்துப்போய்த் தெரியும்.

சரக்குக்கு ஏற்ற ஒளி

ஒவ்வொரு சரக்குக்கும் ஒளி விழ வேண்டிய திசை வேறு. அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறோம்.

துணி: பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும் ஒளியில்தான் நெசவு தெரியும். கைத்தறியின் இழை, துண்டின் பூ எல்லாம் எழுந்து நிற்கும். சரிகை ஒரு கோணத்தில்தான் மின்னும். ஆகவே சேலையைச் சிறிது சிறிதாகத் திருப்பி, சரிகை மின்னும் இடத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். உடலின் நிறத்துக்கு ஒரு படம், சரிகைக்கு ஒரு படம், முந்தானைக்கு ஒரு படம் என மூன்று அனுப்புவது நல்லது.

எவர்சில்வர், பித்தளை: இவை கண்ணாடிபோல எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும். நம் முகமும் சட்டையும் குடத்தில் தெரியும். சுற்றிலும் வெள்ளைத் தாளோ துணியோ நிறுத்தி, நடுவில் ஒரு சிறு இடைவெளி விட்டு எடுத்தால் பாத்திரம் வெண்மையைப் பிரதிபலித்துச் சுத்தமாகத் தெரியும்.

எண்ணெய், தேன், கண்ணாடிப் பொருள்: ஒளி பின்னாலிருந்து வர வேண்டும். அப்போதுதான் செக்கெண்ணெயின் பொன்னிறமும் தெளிவும் தெரியும்.

பருப்பு, தானியம்: தட்டில் பரப்பி, பக்க ஒளியில், மேலிருந்து எடுங்கள். மணியின் பருமனும் உடைந்த பருப்பும் அப்படியே தெரியும். மொத்த வியாபாரிகளுக்கு மாதிரி காட்டும் படம் இதுதான். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துவிட்டால் மணியின் பருமன் பற்றி வாக்குவாதமே வராது.

பளபளப்பான பொட்டலம்: விளக்கின் வெள்ளைக் கோடு பொட்டலத்தின்மேல் விழுந்து எழுத்தை மறைக்கும். பொட்டலத்தைச் சற்று முன்னோ பின்னோ சாய்த்தால் கோடு விலகிவிடும்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. கைப்பேசியின் ஃபிளாஷ் வேண்டாம். அது நேர் எதிரிலிருந்து அடிப்பதால் இழையையும் மணியையும் மேடுபள்ளம் இல்லாமல் தட்டையாக்கிவிடும்.

கருவி எவ்வளவு வேண்டும்?

"இதற்கெல்லாம் பெரிய கேமரா வாங்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நம் மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை நினைத்துப் பார்ப்போம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். காட்டுயிர் ஆய்விலும் புகைப்படத்திலும் நாடறிந்தவர், பத்மஸ்ரீ பெற்றவர். யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. விலையுயர்ந்த புதுக் கருவி எதையும் அவர் தேடிப் போகவில்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தமக்கென ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். அந்தக் கருவியின் குறை நிறைகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். விலங்கின் நடத்தையும் ஒளியின் போக்கும் அதைவிட நன்றாகத் தெரியும்.

கடைச் சரக்கு யானைபோல ஓடிப்போவதில்லை. வைத்த இடத்தில் இருக்கிறது. ஆகவே நம் பையிலுள்ள கைப்பேசியே பெரும்பாலான வேலைக்குப் போதும். காசு செலவழிப்பதானால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் கைப்பேசியைப் பொருத்தும் மூன்று கால் தாங்கி, அடுத்து இரண்டு தெர்மோகோல் பலகை, அடுத்து நல்ல விளக்கு. இவையெல்லாம் வாங்கி, ஆறு மாதம் எடுத்துப் பழகிய பிறகும் ஏதோ ஒரு குறை தீரவில்லை என்றால் அப்போது கேமராவைப் பற்றி யோசிக்கலாம். மோதிரக் கல், மூக்குத்தி போன்ற நுண்பொருள் விற்பவர்களுக்கு அண்மைப் படத்துக்கான லென்ஸ் அவசியப்படும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

கையிலுள்ள கருவியைச் சரியாகக் கையாள நாலைந்து விதிகள் உண்டு.

லென்ஸைத் துடையுங்கள். மளிகைக் கடையில் மாவும் எண்ணெய்க் கையும் பட்ட லென்ஸில் எடுத்த படம் பனி மூடியதுபோல இருக்கும். மெல்லிய, சுத்தமான துணி போதும். சட்டை நுனி வேண்டாம்.

மிகக் கிட்டே போகாதீர்கள். கைப்பேசியின் வழக்கமான லென்ஸ் அகன்ற கோணம் உடையது. கிட்டே போனால் குடத்தின் வாய் பெருத்து அடி சிறுத்துவிடும். இரண்டடி பின்வாங்கி, 2 மடங்கு பெரிதாக்கி எடுத்தால் உருவம் சரியாக வரும்.

அசையாதீர்கள். வெளிச்சம் குறையும்போது கேமரா அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் கை நடுங்கினால் படம் கலங்கும். தாங்கியில் பொருத்தி, இரண்டு விநாடி கழித்துத் தானே எடுக்கும் வசதியை வைத்துவிட்டால் விரல் அழுத்தும் அசைவுகூட இராது.

அழகூட்டும் வசதிகளை நிறுத்திவையுங்கள். நிறத்தைத் தூக்கிக் காட்டும் முறை, பின்னணியை மங்கலாக்கும் முறை இவையெல்லாம் குடும்பப் படத்துக்குச் சரி. சரக்குப் படத்தில் நிறம் பொய்யாகும்; பாத்திரத்தின் விளிம்பும் கரைந்துபோகும்.

தனிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

தினம் ஒரு படம்

நம் உதகமண்டலத்தில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' ஃபிலிமைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு சுருளில் 36 படம்தான். கழுவி அச்சிட்டு வரும்வரை நல்லதா கெட்டதா தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் காசு. இன்று எடுத்த நிமிடமே பார்க்கலாம், தவறினால் அழிக்கலாம். பழகுவதற்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. ஆனால் காசில்லை என்பதாலேயே யோசிக்காமல் சுடுகிறோம்.

ஒரு பழக்கம் சொல்கிறோம். கடை திறந்ததும், முதல் போணிக்கு முன், ஒரு சரக்கை எடுத்து, ஒரே இடத்தில் வைத்து, மூன்று படம் மட்டும் எடுங்கள். முதல் படம் சன்னலைப் பக்கத்தில் வைத்து, இரண்டாவது சன்னலைச் சரக்குக்குப் பின்னால் வைத்து, மூன்றாவது தெர்மோகோல் பலகை சேர்த்து. பிறகு சரக்கையும் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எது சரக்கைப்போல இருக்கிறது? ஏன்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுங்கள். முப்பது நாளில் உங்கள் கடையின் ஒளி உங்களுக்கு மனப்பாடமாகிவிடும்.

கற்பனை என்பதும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் பிறக்கிறது. குத்துவிளக்கைத் தனியே காட்டுவதைவிட, அதில் எண்ணெய் ஊற்றி ஏற்றி, ஒரு கை திரியைத் தூண்டுவதுபோல எடுத்தால், அளவும் பயனும் ஒருங்கே விளங்கும். டபராவில் காபி இருந்தால் டபரா விற்கும். பின்னணியில் பழைய காலண்டர், தொங்கும் கயிறு, நேற்றைய பில் எதுவும் வேண்டாம். என்ன விற்கிறோமோ அது மட்டும் கண்ணில் பட வேண்டும்.

மேலும் கற்க விரும்புவோர், 2010 செப்டம்பர் 15-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்வரலாம். பெரிய புகைப்படக்காரர்களின் தொகுப்பு ஏதேனும் கையில் கிடைத்தால், ஒவ்வொரு படத்திலும் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். அந்த ஒரு கேள்வியே நல்ல பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

படம் சரக்குக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது வியாபார தர்மம் மட்டுமல்ல, இப்போது சட்டமும் ஆகிவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. மின்வணிகத் தளம் வழியே விற்பவர் காட்டும் விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கின்றன அவை. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்றவர் மறுக்கக் கூடாது. படமும் விளம்பரம்தான். "படத்தில் கொஞ்சம் நிறம் மாறும்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். பொட்டலச் சரக்கானால், அதிகபட்ச விலை, நிகர எடை அச்சிட்ட பக்கத்தையும் தெளிவாக ஒரு படம் எடுத்துச் சேருங்கள். கேட்பவர் கேட்குமுன் காட்டுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. வேறு கடையின் படத்தை எடுத்து நம் சரக்கென்று போடுவது சிலரிடம் பழக்கமாகியிருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கும் உரிமை உண்டு. எடுத்தவரின் வாழ்நாள் முழுதும், அவர் மறைந்த ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கிறது. அதே சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. கூலி கொடுத்து ஒருவரைக் கொண்டு நமக்காக எடுக்கச் செய்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்த நமக்கே. ஆகவே ஸ்டுடியோவில் படமெடுத்தால் இதைப் பேசி, பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் சாட்சியும் ஆகும்

கடைசியாக, நம் பகுதிக்காரர்கள் மறக்க முடியாத ஒன்று. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையிலிருக்கும் கோட்டூர்புரம் மூழ்கியது. எங்கள் கடையில் மூன்றாவது தட்டு வரை தண்ணீர். இறங்கிய பிறகு உள்ளே போனால், கீழ்த்தட்டுத் துணியெல்லாம் சேறும் சாயமுமாக ஒரே கட்டி. கணக்குப் புத்தகமும் கொள்முதல் பில்லும் அதோடு சேர்ந்து ஊறிப்போயிருந்தன.

காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்து கேட்ட முதல் கேள்வி, "கீழ்த்தட்டில் என்ன சரக்கு, எவ்வளவு இருந்தது?" என்பதுதான். எங்களால் வாயால்தான் சொல்ல முடிந்தது. நல்ல வேளையாக, இரண்டு வாரத்துக்கு முன் கார்த்திகை முகூர்த்தச் சரக்கு வந்து அடுக்கியபோது, ஆசைக்கு நாலு படம் எடுத்து வெளியூர் உறவினருக்கு அனுப்பியிருந்தோம். அவரிடமிருந்து அவற்றைத் திரும்ப வாங்கிக் காட்டினோம். தட்டுத் தட்டாகச் சரக்கு தெரிந்தது. மொத்த வியாபாரிகளிடமிருந்து பில் நகல்கள் வாங்கி அந்தப் படங்களோடு சேர்த்துக் கொடுத்த பிறகுதான் எங்கள் பேச்சுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. படமில்லாத அலமாரிகளுக்கு அந்தப் பிடிமானம் கிடைக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னை நீரில் நின்றது. இனியும் வராது என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு எடுக்கும்போதே, இடமிருந்து வலமாக ஒவ்வொரு அலமாரியையும் நேர் எதிரில் நின்று படமெடுங்கள். கீழ்த்தட்டும் தெரிய வேண்டும். இயந்திரங்களானால் வரிசை எண் பட்டையைக் கிட்டத்தில் ஒரு படம். கொள்முதல் பில்களையும் வெள்ளை வெளிச்சத்தில், நிழல் விழாமல் படமெடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இதை ஒருமுறை முழுமையாகச் செய்துவிடுங்கள். பிரதியைக் கடைக்கு வெளியே, வேறு ஊரிலுள்ள பிள்ளையிடமோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த தேதி முதலான உள்விவரங்களும் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். படம் பில்லுக்கு மாற்று ஆகாது, பில்லுக்குத் துணை. காப்பீடே எடுக்காதவர்கள் முதலில் அதை எடுங்கள். ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரையிலான சொத்து உள்ள சிறு கடைகளுக்கென்றே 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வெள்ளச் சேதமும் அதில் அடங்கும்.

சுருக்கமாகச் சொன்னால்

மயிலாப்பூர் அம்மாவுக்கு அனுப்பிய படம் சரக்கை உள்ளபடி காட்டாததால் ஒரு வாடிக்கையாளரை இழந்தோம். கார்த்திகையில் எடுத்த படம் சரக்கை உள்ளபடி காட்டியதால் வெள்ளத்தில் கொஞ்சம் மீண்டோம். இரண்டையும் எடுத்தது ஒரே கைப்பேசிதான்.

அதன்பின் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படத்தை அனுப்புமுன், சேலையை வாசலுக்கு எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். இரண்டும் ஒத்தால் அனுப்புகிறோம். ஒவ்வாவிட்டால் மறுபடி எடுக்கிறோம். தாய்மார்கள் நம் வாசலில் நின்று செய்த அதே வேலையை, இப்போது அவர்களுக்காக நாம் செய்கிறோம். உங்கள் கடையிலும் நாளைக் காலை, முதல் போணிக்கு முன், ஒரு சரக்கை வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.